நாற்காலியைக் கொடுத்தவர்

எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கேதான் சிரிப்பு வரும். துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் வரும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வரும். அதனாலேயே நல்ல வரன்களெல்லாம் தட்டிப் போயின என்று என் அம்மா தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்படிப்பட்டவளுக்கு வேலை எங்கே கிடைத்தது? நூலகத்தில். தூணுக்குத் தூண் ‘அமைதி’ என்று எழுதி மாட்டியிருக்கிற இடத்தில்.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியில் எங்கள் நூலகம் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. எனக்கு அங்கே தற்காலிக வேலை, கார்டு எழுதுகிற வேலை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு. பேர், எழுதியவர், எந்த அலமாரி என்பதையெல்லாம் முத்து முத்தாக எழுதி மரப்பெட்டியின் இழுப்பறையில் அடுக்க வேண்டும். “கையெழுத்து பிரமாதம்மா, வாய்தான் அடங்க மாட்டேங்கறது” என்பார் எங்கள் நூலகர். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே வந்த புதிதில் அவருக்குச் சண்டை மாதிரிக் கேட்டதாம். தங்கமான மனிதர். விதிப் புத்தகத்தைத் தவிர வேறு எதற்கும் பயப்பட மாட்டார்.

மூன்றாவது ஆள் எங்கள் அட்டெண்டர் அக்கா. வெண்கலக் குரல். “ஏய், சத்தம் போடாதிய” என்று அவள் அதட்டுவதுதான் தினமும் நூலகத்தில் கேட்கிற முதல் சத்தமாக இருக்கும்.

இந்தக் கதையில் நான் ஒருத்தர் பேரையும் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அருவியில் தண்ணீர் விழுகிற காலத்தில் வெளியூர்க்காரர்கள் குளித்துவிட்டு, ஈரத் தலையை வாரிக்கொண்டு, குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டூடியோவை நடத்திய அண்ணாச்சியின் மகன், போட்டோவில் என்ன இருக்கிறது, அங்கன நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டால் அள்ளிவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். அண்ணாச்சி அழாத குறையாக, தன் அப்பா காலத்திலிருந்து சேர்ந்த படங்களை எல்லாம் தகரப் பெட்டிகளில் போட்டு, வாடகைக் காரில் ஏற்றி, எங்கள் நூலக வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். “சார், இங்கன இருந்தா நாலு பேரு பாப்பாவ. அங்கன இருந்தா வாழைக்காய் சீவித் தள்ளிருவான்” என்றார்.

பெட்டியைத் திறந்ததும் பூசண வாசம் குப்பென்று வந்தது. சாரல் ஈரத்தில் எத்தனை வருஷம் ஊறியதோ! அக்கா தும்ம ஆரம்பித்தவள் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை.

நூலகருக்கு ஒரே உற்சாகம். சீசனில் குற்றாலத்திலேயே ஒரு கண்காட்சி வைத்துவிடலாம் என்றார். அதற்கு இடம் கொடுக்கவும் ஒருவர் முன்வந்தார். ஐந்தருவிச் சாலையில் பெரிய லாட்ஜ் வைத்திருந்தவர் அவர். முப்பது வயதுதான் இருக்கும், கஞ்சி போட்ட வேட்டி, மிடுக்கு. “எங்க அப்பா அம்மா படமும் அந்தப் பெட்டியில கிடக்கும் சார். அத நடுவுல பெருசா மாட்டிருங்க, என் ஹாலை வாடகை இல்லாம எடுத்துக்கிடுங்க” என்றார். பேச்சு முடிந்தது. படத்துக்கு ஒரு கார்டு எழுதி, கீழே மாட்டுவது என் பொறுப்பு.

“பின்னாடி பென்சில்ல எழுதியிருக்கு பாரும்மா. அப்படியே பாத்து எழுதிடு” என்றார் நூலகர்.

எழுதினேன். எழுத எழுதத்தான் ஒரு விஷயம் புரிந்தது. குறிப்பு எழுதிய பழைய ஸ்டூடியோக்காரர், அதாவது அண்ணாச்சியின் அப்பா, ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறார். ஸ்டூடியோவில் இருந்த நாற்காலிகள் கொஞ்சம். யார் உட்கார்ந்தாரோ அவருக்குப் பேர். யார் நின்றாரோ அவருக்கு வேலை. ‘உட்கார்ந்திருப்பவர் இன்னார், நிற்பவன் எண்ணெய் தேய்ப்பவன்.’ ‘உட்கார்ந்திருப்பவர் இன்னார், நிற்பவள் வேலைக்காரி.’ வேலை என்னவென்று தெரியாவிட்டால் ‘உடன் ஒரு பெண்’. இரண்டு பேர் நின்றால் ‘உடன் பெண்கள்’. அவ்வளவுதான். குற்றாலத்துக்கு இத்தனை வருஷம் வந்து குளித்துப்போன பெண்களெல்லாம் உடன் பெண்கள்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு படம் வந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் இரண்டு ராஜபாளையம் நாய், பக்கத்தில் கல்யாணப் புடவையில் ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் பெரிய மனிதரின் பேர், பட்டம், ஊர். அப்புறம் நாய்களின் பேர், இரண்டுக்கும் தனித்தனியாக. அப்புறம், ‘உடன் ஒரு பெண்’.

எனக்குப் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நூலகர் மேஜைக்கு ஓடினேன். “சார், நாய்க்குப் பேரு இருக்கு சார்! பொம்பளைக்கு இல்ல!” பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். அவர் வயிறு குலுங்கியது. மனிதர் சிரிப்பை அடக்க மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

“சரி, ஊர்க்காராளைக் கேட்டு எழுதுவோம். தெரிஞ்ச பேரை எழுதக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்லையே” என்றார் எழுந்து.

முதலில் ஆண்களைக் கூப்பிட்டோம். வெற்றிலையும் கையுமாக வந்தார்கள், படங்களை மேஜையில் பரப்பி வைத்தோம். அடேயப்பா, ஆண்களுக்கு ஆண்களைத் தெரிந்திருந்த அழகு! கொள்ளுத்தாத்தா மச்சினன் வரைக்கும் பேர் சொன்னார்கள். மீசையைப் பார்த்தே பரம்பரை சொன்னார்கள். பெண்கள் முகத்தில் விரலை வைத்தால் மட்டும், “அது அவரு வீட்டுக்காரி”, “அது அவரு மருமவ”, “அது யாரோ பொம்பளயாளு”. ஒரு பெரியவர் ஒரு படத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளய எங்கியோ பாத்திருக்கேன்” என்றார். பக்கத்தில் இருந்தவர், “ஏவே, அது உம்ம பொண்டாட்டிவே, கல்யாணமான புதுசுல எடுத்தது” என்றதும் ஹாலே அதிர்ந்தது. அன்றைக்கு ‘அமைதி’ பலகைகளுக்கு மதிப்பே இல்லை.

“பொம்பளயாளுவளக் கூப்பிடணும் சார். இவங்கள வச்சு மாரடிக்க முடியாது” என்றாள் அக்கா. கூப்பிடுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த பெண்கள் அப்படியே குங்குமமும் விபூதியுமாக நூலகத்துக்குள் நுழைந்தார்கள். வெளியே பிசுபிசுவென்று சாரல். வாசல் முழுக்கக் குடை, செருப்பு. இத்தனை பெண்களை ஒன்றாகப் பார்த்ததும் பேப்பர் படிக்க வந்தவர்கள், தலையங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

அந்தப் பகலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். படத்தைக் கையில் வாங்கியதும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து பேர் சொன்னார்கள். “ஏட்டி, இது மேலத்தெருக்காரில்லா!” “இவ என்கூடப் பள்ளிக்கொடத்துல படிச்சவ, வாத்தியாரு பிரம்ப ஒடிச்சவ!” நாய்க்காரர் வீட்டுக் கல்யாணப் புடவைப் பெண்ணுக்கும் பேர் கிடைத்தது. அவளுக்கு வீணை வாசிக்கத் தெரியும் என்பதும் கிடைத்தது. எனக்குக் கை வலித்தது. அப்படியொரு சந்தோஷமான வலியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஆனால் ஓர் இடத்தில் வண்டி நின்றுவிடும். ஒருத்தி மாமனார் பேர், கொழுந்தன் பேர், எதிர்வீட்டுக்காரர் பேர் எல்லாம் மழை மாதிரிக் கொட்டுவாள். நடுவில் இருக்கிறவர் மேல் விரலை வைத்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். “அது… எங்க வீட்டு அவிய.”

“பேரு சொல்லுங்கக்கா, எழுதணும்.”

“பேரச் சொல்லவா? நல்லா இருக்கே!”

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. அதெல்லாம் உயிர் போனாலும் சொல்ல மாட்டார்கள். சாடைதான். ஒருத்தி ஒரு கையையும் இன்னொரு கையின் கட்டைவிரலையும் நீட்டி, பிறகு தன் முகத்தைச் சுற்றிக் காட்டினாள். ஒருத்தி சுவரில் இருந்த காலண்டர்ப் பிள்ளையாரைக் காட்டி, “இவரில்ல, இவருக்க அப்பா” என்றாள். ஒவ்வொரு சாடைக்கும் மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து விடை கத்துவார்கள், அவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டுவாள். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒருத்தி, “அவுக சவுதியில இருக்காவ” என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. “சவுதியில இருக்கவருக்கு இங்கன சொன்னா கேக்கவா போவுது?” என்று கேட்டேன். “அவுகளுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்லா?” என்றாள்.

எல்லோருடைய சாடையும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்தில் ‘கணவர்’ என்று எழுதி மேலே போனேன். சாயங்காலம் நூலகர் கார்டுகளை வாசித்தார். பெண்கள் அத்தனை பேருக்கும் பேர், படித்த பள்ளிக்கூடம், வீணை, பிரம்பு ஒடித்தது எல்லாம் இருந்தது. ஆண்கள்? ‘கணவர்.’ ‘உடன் கணவர்.’ ‘நிற்பவர் கொழுந்தனார், உட்கார்ந்திருப்பவர் கணவர்.’

“ஐயையோ! இந்த மனுஷர் ஊர்ல எவ்வளவு பெரிய புள்ளி! அவரை ‘உடன் கணவர்’னு எழுதி வச்சிருக்கியே!” என்றார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, இழுப்பறையைத் திறக்கவே மறந்து, வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு தரப்பார் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னார். அதுதான் நியாயமும்கூட.

இத்தனை களேபரத்திலும் ஓர் அம்மா மட்டும் பேசாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சேலை, பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையிலிருந்து நடந்தே வந்திருந்தார். “உட்காருங்கம்மா” என்று எத்தனையோ தடவை சொல்லியும், “இருக்கட்டும், அவங்க உக்காரட்டும்” என்று மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். எல்லோரும் போன பிறகு கையில் இருந்த ஒரு படத்தை என்னிடம் நீட்டி, “பின்னால என்ன எழுதியிருக்கு, வாசி தாயே” என்றார்.

லாட்ஜ்காரர் கேட்ட அதே குடும்பப் படம். நடுவில் பெரிய மீசையோடு அவர் அப்பா. பக்கத்து நாற்காலியில் அவர் அம்மா. நாற்காலிக்குப் பின்னால், ஓரமாக, நகை இல்லாமல் ஓர் இளம்பெண், கையில் பிறந்து சில மாதமே ஆன குழந்தை. நான் வாசித்தேன். ‘இன்னார் குடும்பத்தாரும் வேலைக்காரியும்.’

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். “நான்தான் அது” என்றார்.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள். அந்த அம்மா அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். பிள்ளை இல்லை என்று புருஷனுக்கு இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள். அவள் பிள்ளை பெற்றாள். அருவி பார்க்கப் போன இடத்தில் படம் எடுத்தார்கள். “நாற்காலி ரெண்டுதான் ஒழிவா இருந்துது. ரெண்டாவது எனக்குன்னு போட்டதுதான். அவ பச்ச ஒடம்புக்காரில்லா, கால் நடுங்குது. நீ உக்காருட்டின்னு நான்தான் எந்திச்சுக் குடுத்தேன். பிள்ள அழுதான். அவனயும் நான் வாங்கிக்கிட்டேன்.”

அவ்வளவுதான் நடந்தது. எழுந்து நாற்காலியைக் கொடுத்தார், படத்தில் வேலைக்காரி ஆகிவிட்டார். பிற்பாடு வீட்டிலும் அப்படியே ஆகிப் பின்கட்டுக்குப் போனதும், புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்ததும் அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்ன கதை. எனக்கு முதல் தடவையாக, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“இத லாட்ஜுல மாட்டப் போறியளாமே. எங்க ஊரே சீசனுக்கு அங்கதான் குளிக்கப் போவும். என் தம்பி பொண்டாட்டி இப்பவே சாடை பேசுதா, கட்டிக்கிட்டு வந்தாளா, கூலிக்குப் போனாளான்னு. இந்த ஒத்தச் சொல்ல எடுத்திரு தாயே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.” சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பென்சில் எழுத்தைத் தேய்க்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நூலகர் வந்தார், கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் விதி! “உள்ளபடி இருக்கறதை நாமா மாத்தக் கூடாதும்மா. இவா வேற சொல்றா, குறிப்பு வேற சொல்றது. ஏதாவது ஆதாரம் வேணுமே” என்றார். “அந்த வீட்டுப் பிள்ளையையும் கேட்போம். அதுதான் முறை” என்றார். ஒரு மனிதருக்குத் தங்கமான மனசும் இருந்து விதிப் புத்தகமும் இருந்தால் என்ன பாடு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை லாட்ஜ்காரர் வந்தார். அந்த அம்மா முன்கூட்டியே வந்து அதே ஜன்னலோரம் நின்றிருந்தார். செய்தி பரவி, போன வாரத்துப் பெண்கள் பட்டாளமும் ‘புத்தகம் எடுக்க’ வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அலமாரி முன்னால் நின்று புத்தகம் தேடினார்கள்.

லாட்ஜ்காரர் அந்த அம்மாவை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கெட்டவர் இல்லை, சின்ன வயசிலிருந்து சொல்லிக் கொடுத்ததை நம்பியவர். “சார், பின்கட்டுல சமையல் பண்ணிக்கிட்டு ஒரு அம்மா இருந்தாவ, எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. சோறு ஊட்டியிருக்காவ. அதுக்காக? எங்க அம்ம இருந்தாக் கேக்கலாம், அவளும் போய்ச் சேந்துட்டா. படத்துல எழுதியிருக்கத மாத்துனா ஊரு எங்க அப்பாவ என்ன சொல்லும்? மாத்துறதா இருந்தா என் ஹாலு கிடையாது” என்றார்.

நூலகருக்கு வியர்த்தது. என்ன செய்வார் பாவம்! விசாரணை என்றால் கேள்வி கேட்க வேண்டும் இல்லையா? கேட்டார். படத்தை உயர்த்திப் பிடித்து, நீதிபதி மாதிரி, “அம்மா, நடுவுல உக்காந்திருக்கறவர் பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

அந்த அம்மா முகம் சிவந்துபோயிற்று. சட்டென்று முந்தானையை எடுத்து வாயைப் பொத்தித் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியலையா? பேர் தெரியாதா?” நூலகர் பதறினார். “சும்மா சொல்லுங்கோ, தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

தலை இன்னும் குனிந்தது. வெள்ளைச் சேலை கட்டி எத்தனை வருஷமாயிற்று, அந்த வீட்டை விட்டு வந்து எத்தனை வருஷமாயிற்று, இன்னும் பேர் வாயில் வரவில்லை! எனக்குப் புரிந்துவிட்டது. கூடவே அந்தப் பாழாய்ப்போன சிரிப்பும் தொண்டை வரை வந்து நின்றது. மனிதர் உலகத்தில் வேறு எந்தக் கேள்வியும் கிடைக்காமல், ஒரு பொண்டாட்டியால் மட்டும் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிறாரே!

கடைசியில் அந்த அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுக்காமலே ஒற்றை விரலை நீட்டி மேற்கே, ஜன்னலுக்கு வெளியே, மேகம் மூடிய மலையைக் காட்டி இரண்டு சொல் சொன்னார். அந்த இரண்டு சொல்லை எழுதினால் நீங்கள் பேரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். எழுத மாட்டேன்.

“என்ன சொல்றா?” என்றார் நூலகர்.

“எங்க மாமியா சொல்லிக் குடுத்தது. வெளியில யாரும் பேரு கேட்டா இப்பிடிச் சொல்லணும்னு. அந்த வீட்டு மருமவளுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுப்பாவ.”

லாட்ஜ்காரர் எழுந்து நின்றுவிட்டார். கையில் இருந்த குடை கீழே விழுந்தது. “இத… இத எங்க அம்ம சொல்லுவா” என்றார். “ரேஷன் கடையில, ஆஸ்பத்திரியில, எங்க பேரு கேட்டாலும் இந்த ரெண்டு சொல்லுதான். இதே மாதிரி விரல நீட்டி…”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அக்காவால் முடிந்தது. “வேலைக்காரியா இருந்தா இந்நேரம் பேரப் பட்டுன்னு சொல்லிட்டுப் போயிருப்பா சார்! பேரு தடுக்குதுல்லா? தடுக்குனா அது புருஷன்! இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் ஒங்களுக்கு?”

அலமாரி முன்னால் நின்ற பட்டாளம் முழுக்க ஆரவாரித்தது. நூலகர் தலையில் அடித்துக்கொண்டார். “நான் ஒரு மடையன்! எங்காத்துலயும் இருபது வருஷமா இதே கதைதானே!” அதுவரை தொண்டையில் பிடித்து வைத்திருந்த சிரிப்பு எனக்கு வெடித்தது. அந்த அம்மாவும் முந்தானைக்குள் குலுங்கினார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. விலக்கியதும் பார்த்தேன், இரண்டும்தான்.

லாட்ஜ்காரர் குடையை எடுக்காமலே சாரலில் இறங்கிப் போய்விட்டார். இடம் உண்டா இல்லையா என்று ஒரு சொல் இல்லை.

கார்டை அன்றைக்கே எழுதினோம். எப்படிப் போடட்டும் என்று அந்த அம்மாவையே கேட்டார் நூலகர். ‘மூத்த மனைவி’ என்று போடலாமா? அவர் யோசித்தார். “அதுவும் அவியள வச்சுத்தான வருது” என்றார். “என் பேரப் போடு. நாற்காலியக் குடுத்தவன்னு போடு. அதுதான நான் செஞ்சது.” இளையவள் பேரையும் தயங்காமல் சொன்னார். “அவளும் பாவந்தான். நல்லவ.” நடுவில் இருக்கிறவர்? அந்த அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ‘கணவர்’ என்று எழுதினேன்.

பின்னால் இருந்த பென்சில் எழுத்தை நூலகர் அழிக்க விடவில்லை. அழித்தால் நாளைக்கு யாராவது புதிதாக அதே தப்பைச் செய்வார்கள், அது தப்பு என்று நாம் கார்டிலேயே சொல்லிவிடுவோம் என்றார். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “சரி, கிடந்துட்டுப் போவுது. பின்பக்கம் செவுத்தத்தான பாக்கும்” என்றார்.

இடம் கிடைக்குமா என்று தெரியாமலே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். லாட்ஜ் வாசலில் ஆள் இல்லை. ஹால் திறந்திருந்தது, கழுவித் துடைத்திருந்தது. அவர் சொல்லியிருந்தபடியே நடுச்சுவரில் பெரிய ஆணி அடித்திருந்தது. அதற்கு நேர் கீழே, வேறு எதுவும் இல்லாத அந்த ஹாலில், ஒரே ஒரு நாற்காலி. கை வைத்த தேக்கு நாற்காலி, பழையது. லாட்ஜ்காரர் உள்ளேயிருந்து வந்தார், எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வாசல்படியிலேயே நின்றுவிட்ட அந்த அம்மாவிடம் போனார்.

“பெரியம்ம, வாங்க. வந்து உக்காருங்க” என்றார்.

பெரியம்மா! அந்தச் சொல் வந்த வேகத்தில் அக்கா என் கையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஜனம் உள்ளே திமிறியது. குத்துக்கல்வலசைத் தம்பி பொண்டாட்டியும் வந்தாள். கார்டை இரண்டு தடவை வாசித்தாள், பேசாமல் போய் அருவி பார்த்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் படத்தைக் காட்டி, “நடுவுல இருக்கறவர் பேர் போடலையே, யார் இவர்?” என்றார். அந்த அம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார், மகனைக் காட்டினார். “இவன்ட்ட கேளுங்க.” லாட்ஜ்காரர் முகத்தை வெகு தீவிரமாக வைத்துக்கொண்டு, “எங்க வீட்டுல ரெண்டு அம்மையும் சொன்னதில்ல. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. நானும் இதுவரை யாரிடமும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. அந்த அம்மா பேர் வேண்டுமானால் கார்டில் இருக்கிறது, போய் வாசித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, பரிவாரத்தோடு வந்தார். ஈரக் காற்றில் நடந்த களைப்பு, நிற்க முடியவில்லை, உட்கார இடம் தேடினார். லாட்ஜ் ஆட்கள் பரபரத்தார்கள். ஹாலில் இருந்ததோ அந்த அம்மா உட்கார்ந்திருந்த ஒரே நாற்காலி. பார்த்ததும் அந்த அம்மா, பழக்கம் விடுமா, கையை ஊன்றி எழுந்திருக்கப் போனார்.

லாட்ஜ்காரர் பின்னாலிருந்து அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். “நீங்க இருங்க பெரியம்ம” என்றார். பிறகு சாப்பாட்டு அறைக்கு ஓடி, தானே இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.